‘அக்காவைப் போலத்தான் இவளும்’: உடற்கல்வி ஆசிரியரின் கணிப்பும் ஒரு மகளின் மதிப்பெண்ணும்

இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸின் ஆளுகையில் உள்ள ரீயூனியன் தீவின் கிழக்குக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது.

புதுச்சேரியிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். இரண்டு பெண்கள். மூத்தவள் லிசேயில், அதாவது மேல்நிலைப் பள்ளியில், படிக்கிறாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. கொலேஜில் (நடுநிலைப் பள்ளி) படித்த காலம் ஏறக்குறைய முழுக்க, மருத்துவச் சான்று கொடுத்து அவளுக்கு உடற்கல்வி வகுப்பிலிருந்து விலக்கு வாங்கியிருந்தார்கள். இளையவளுக்கு 13 வயது, நவம்பரில் பிறந்தவள். அதே கொலேஜில் கத்ரியேம் படிக்கிறாள், நம் ஊர்க் கணக்கில் எட்டாம் வகுப்பு. உடற்கல்விக்கு அக்காவுக்கு இருந்த அதே ஆசிரியர்தான்.

இளையவள் கணக்கிலும் பிரெஞ்சிலும் 20-க்கு 15-க்குக் குறைந்து வாங்கியதில்லை. உடற்கல்வியில் மட்டும் முதல் பருவத்தில் 8, இரண்டாவதில் 7. மதிப்பெண் அட்டையில் ‘திறன் குறைவு, ஈடுபாடு போதாது’ என்று குறிப்பு. பெற்றோர் சந்திப்பில் ஆசிரியர் சிரித்துக்கொண்டே, “அக்காவைப் போலத்தான் இவளும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் படிப்பாளிகள், மைதானம் அவர்களுக்கு ஒத்துவராது” என்றாராம். ஹேண்ட்பால் நடக்கும்போது பெரும்பாலும் இவள் கையில் இருப்பது ஸ்கோர் தாளும் ஸ்டாப்வாட்சும்தான். செவ்வாய்க்கிழமை உடற்கல்வி என்றால் திங்கள் இரவே வயிற்றுவலி வந்துவிடுகிறது. நீண்ட ஓட்டம் ஓடினால் முடிந்த பிறகும் இருமல் நிற்பதில்லை. ஆனால் இதே பெண் ஆறு வயதிலிருந்து கோயில் சங்கத்தில் பரதம் கற்கிறாள், ஒன்றரை மணி நேர வகுப்பை உற்சாகமாக ஆடி முடிக்கிறாள்.

அம்மா கேட்பது: “இவளுக்கும் வருடம் முழுக்க விலக்குச் சான்று வாங்கிவிடலாமா? மருத்துவரிடம் நேரம்கூட வாங்கிவிட்டேன். ஆசிரியர் நம்பினால் பிள்ளை மேதையாகும், நம்பாவிட்டால் வீணாகும் என்று அமெரிக்க ஆய்வே இருக்கிறதாமே, வாட்ஸ்அப்பில் வந்தது. அப்படியென்றால் என் மகளைக் கெடுத்தது இந்த ஆசிரியர்தானே? நாங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதால் இப்படி நடத்துகிறாரா? ரெக்டோராவுக்கு (வட்டாரக் கல்வி அலுவலகம்) புகார் எழுதலாமா? என் கணவரோ, விளையாட்டு மார்க்கை யார் பார்க்கப்போகிறார்கள், விட்டுத்தள்ளு என்கிறார்.”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் புரிகிறது. ஒரு குழந்தையைப் பற்றி அவள் காது கேட்க, ‘இது உனக்கு வராது’ என்று சொல்வது எந்த ஆசிரியருக்கும் அழகல்ல. அவர் அன்பாகச் சொன்னார், சிரித்துக்கொண்டு சொன்னார் என்பதெல்லாம் அதை மாற்றிவிடாது. ஆனால் கடிதத்தில் எனக்கு அந்த வாக்கியத்தைவிடப் பெரிதாகப் பட்டது ஸ்கோர் தாள். அதற்கு வருகிறேன். முதலில் அந்த ஆய்வை முடித்துவிடுவோம், ஏனென்றால் நீங்கள் எடுக்கப்போகும் முடிவெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

வாட்ஸ்அப்பில் வந்த ஆய்வு

ஆய்வு உண்மையானதுதான். 1968-இல் ராபர்ட் ரோசென்தால், லெனோர் ஜேக்கப்சன் இருவரும் வெளியிட்டது. கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப்பள்ளி. ஐந்தில் ஒரு பங்கு குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி தேர்ந்தெடுத்து, ‘இவர்கள் இந்த ஆண்டு அறிவில் பெரிதாக முன்னேறுவார்கள் என்று சோதனை காட்டுகிறது’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில் அந்தக் குழந்தைகளில் சிலர் நிஜமாகவே மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். வாட்ஸ்அப் செய்தி இதோடு நின்றுவிடும். சொல்லாமல் விட்டது என்னவென்றால், அந்த முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது முதல் இரண்டு வகுப்புகளில் மட்டும்தான். மேல் வகுப்புகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. பயன்படுத்திய சோதனையே சின்னக் குழந்தைகளுக்குச் சரியானதல்ல என்ற விமர்சனமும் உடனே கிளம்பியது.

அதற்குப் பிறகு இத்தனை வருடங்களில் எவ்வளவோ ஆய்வுகள் வந்துவிட்டன. லீ ஜஸ்ஸிம், கென்ட் ஹார்பர் இருவரும் 2005-இல் அவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணவரைப் பாதிப்பது உண்மை, ஆனால் பொதுவாகச் சிறிய அளவில்தான். ஆசிரியர் நினைத்தபடி பிள்ளை தேர்ச்சி பெறுகிறது என்றால், பெரும்பாலும் ஆசிரியர் பிள்ளையைச் சரியாகக் கவனித்திருக்கிறார் என்பதே காரணம். ஏற்கெனவே சமூகத்தில் குறைத்து மதிப்பிடப்படும் பிரிவுப் பிள்ளைகளிடம் மட்டும் இந்தப் பாதிப்பு பெரிதாக இருக்கக்கூடும். இந்தக் கடைசி வரியை ஒதுக்கிவிட வேண்டாம், புகார் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

உடற்கல்விக்கே வருவோம். பிரான்ஸில் கிரெனோபிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் த்ரூயூ, ஃபிலிப் சராஸன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு நம் பிள்ளைகள் படிக்கும் இதே பிரெஞ்சுப் பாடத்திட்ட வகுப்புகளைப் பற்றியது. ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியர் கணித்ததும் பின்னால் மாணவர் காட்டிய திறமையும் ஒத்துப்போயின. பெரும்பகுதி, கணிப்பு சரியாக இருந்ததால். ஆனால் ஒரு பகுதி, அந்தக் கணிப்பே மாணவரைத் தன் பக்கம் இழுத்ததால். அந்தப் பகுதி நடந்த வழி ரொம்ப முக்கியம்: ஆசிரியரின் எண்ணம் ‘எனக்கு இது வரும், வராது’ என்ற பிள்ளையின் சொந்த எண்ணமாக மாறி, அதன் வழியாகத்தான் ஆட்டத்தில் வெளிப்பட்டது. 2006-இல் அதே குழு இன்னொன்றையும் கண்டது. பிள்ளைகளுக்குத் தேர்வு செய்யவும் முன்முயற்சி எடுக்கவும் இடம் கொடுக்கும் வகுப்புகளில் ஆசிரியரின் முன்கணிப்பு அவ்வளவாக வேலை செய்வதில்லை. எல்லாம் ஆசிரியர் சொன்னபடியே நடக்கும் வகுப்பில்தான் அதிகம்.

ஆகவே ‘ஆசிரியர் கெடுத்தார்’ என்பது பாதி உண்மைகூட இல்லை. கால்வாசி இருக்கலாம். அந்தக் கால்வாசியும் சாதாரணமானதல்ல, ஏனென்றால் நாம் கை வைக்கக்கூடிய பகுதி அதுதான்.

கணிப்பு எங்கிருந்து வந்தது

இந்த இடத்தில் உங்களுக்குக் கொஞ்சம் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘அக்காவைப் போலத்தான்’ என்று அவர் சொன்னதற்கு ஒரு கதை இருக்கிறது, அதில் உங்கள் வீட்டுக்கும் பங்கு இருக்கிறது. மூத்தவள் வருடக் கணக்கில் மைதான ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மருத்துவக் காரணம் இருந்தது, சான்று இருந்தது, எல்லாம் சரி. ஆனால் ஆசிரியர் கண்ணில் பதிந்தது சான்று இல்லை, பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்தான்.

இப்படி நடக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 1973-இல் பர்லே சீவர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரே பள்ளியில் படித்த அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளைப் பார்த்தார். மூத்த பிள்ளைக்குப் பாடம் எடுத்த அதே ஆசிரியரிடம் இளையது போய்ச் சேர்ந்தால், மூத்தது கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தபோது இளையது கொஞ்சம் மேலே போனது. மூத்தது சுமாராக இருந்தபோது இளையது கொஞ்சம் கீழே போனது. வேறு ஆசிரியரிடம் போன இளைய பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் இதைச் சொன்னார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி.

இன்னொரு காரணம் உங்கள் மகளின் பிறந்த மாதம். புதுச்சேரியில் பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கணக்கிடும் முறை வேறு. இங்கே ஒரே ஆண்டில் ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. நவம்பரில் பிறந்தவள் வகுப்பில் கடைக்குட்டிகளில் ஒருத்தி. ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கும் இவளுக்கும் பத்து மாத இடைவெளி. 13 வயதில் பத்து மாதம் என்றால் உயரம், தோள் வலு, எறியும் தூரம் எல்லாவற்றிலும் தெரியும். கனடாவின் ஐஸ் ஹாக்கியில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் தேர்வாகிறார்கள் என்று 1985-இலேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். வளர்ச்சி முந்திய பிள்ளையைத் திறமையான பிள்ளை என்று எடுத்துக்கொள்வது அனுபவசாலிகளுக்கும் நடக்கிற தவறு. (தோற்றத்துக்கும் இதில் இடம் உண்டு. பார்க்க லட்சணமாக இருக்கும் பிள்ளைகளிடம் உடற்கல்வி ஆசிரியர்கள் அதிகம் எதிர்பார்க்கிறார்கள் என்று 1981-இல் தாமஸ் மார்டினெக் காட்டினார். படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.)

எண்ணம் மைதானத்தில் எப்படி வேலை செய்கிறது

ஆசிரியர் மனதில் என்ன நினைத்தாலும் அது நேரே பிள்ளையின் காலில் போய்ச் சேர்ந்துவிடாது. நடுவில் சின்னச் சின்னச் செயல்கள் இருக்கின்றன. ரோசென்தால் அவற்றை நான்காகப் பிரித்தார்: முகம் கொடுக்கும் விதம், கற்றுக்கொடுக்கும் அளவு, செய்து காட்டக் கிடைக்கும் வாய்ப்பு, செய்த பிறகு கிடைக்கும் திருத்தம்.

ஹேண்ட்பால் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தீவில் ஹேண்ட்பால் என்றால் சும்மாவா, ஜாக்சன் ரிச்சர்ட்சனும் டேனியல் நார்சிஸும் இங்கிருந்து போய் உலக சாம்பியன் ஆனவர்கள். அதனால் வகுப்பில் ஏற்கெனவே கிளப்பில் ஆடும் பிள்ளைகள் நாலைந்து பேர் இருப்பார்கள். பந்து அவர்களிடையேதான் சுற்றும். ஓரத்தில் நிற்கும் பெண்ணுக்கு எப்போதாவது ஒரு பாஸ் வரும். அது எதிர்பாராத நேரத்தில் வருவதால் கை நழுவும். கூட நிற்பவன் முனகுவான். அடுத்த பாஸ் வராது. கிளப் பிள்ளை தவறவிட்டால் ஆசிரியர், “முழங்கையை உயர்த்து, மூன்றாவது அடியில் எறி” என்பார். இவள் தவறவிட்டால், “பரவாயில்லை, பரவாயில்லை” என்பார். முதலாவது திருத்தம். இரண்டாவது ஆறுதல். ஆறுதலில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, ஆனால் ‘உன்னிடம் நான் எதிர்பார்க்கவில்லை’ என்ற செய்தி இருக்கிறது. 13 வயதுப் பெண்ணுக்கு அது நன்றாகவே கேட்கும்.

இப்போது ஸ்கோர் தாள். நடுவராக இருப்பது, நேரம் பார்ப்பது, சக மாணவரின் ஆட்டத்தைக் கவனித்துக் குறிப்பது எல்லாம் பிரெஞ்சு உடற்கல்விப் பாடத்திட்டத்தில் உள்ளவை. அதைக் கொடுத்ததே தண்டனை என்று நினைக்காதீர்கள். எல்லாரும் முறை வைத்துச் செய்தால் அது பாடம். ஒரே பிள்ளையே வாராவாரம் செய்தால், அவள் பந்தைத் தொடும் நேரம் அந்த அளவுக்குக் குறைகிறது. தொடாத பந்தை எப்படி எறியக் கற்றுக்கொள்வாள்? பருவ முடிவில் எறிவதற்குத்தான் மதிப்பெண்.

அதனால் அந்த 7 சரியான மதிப்பெண்ணாகவே இருக்கலாம். ஆசிரியர் அன்று கண்டதை நேர்மையாகவே போட்டிருக்கலாம். அந்த நாள் வரைக்கும் வந்த வழியில்தான் கோளாறு. கணக்கு வகுப்பில் தப்பான விடை நோட்டோடு மூடிக்கொள்ளும். உடற்கல்வியில் தோற்பது இருபத்தைந்து ஜோடிக் கண்களுக்கு முன்னால். அதில் கொஞ்ச நாள் போனால் பிள்ளையே முயற்சியை நிறுத்திவிடும். முயன்று தோற்பதைவிட முயலாமல் தோற்பது அவமானம் குறைந்தது. அதைத்தான் அட்டையில் ‘ஈடுபாடு போதாது’ என்று எழுதுகிறார்கள்.

எல்லா ஆசிரியர்களும் இதில் ஒன்றல்ல. இஸ்ரேலில் உடற்கல்வி வகுப்புகளில் நடந்து 1982-இல் வெளியான ஆய்வு ஒன்று, முன்கூட்டி வந்த தகவலுக்கு எளிதில் வளைந்துவிடும் ஆசிரியர்களும் உண்டு, வளையாதவர்களும் உண்டு என்று காட்டியது. வளைகிறவர்களிடம்தான், மட்டமாக எதிர்பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தெளிவாகப் பாதிப்பு இருந்தது. உங்கள் ஆசிரியர் எந்த வகை என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது. ஒரு வாக்கியத்தை வைத்து உங்களுக்கும் தெரியாது.

விலக்குச் சான்று வாங்கலாமா?

வருடம் முழுக்க, எல்லாவற்றிலிருந்தும் விலக்கு என்றால் என் பதில்: வேண்டாம்.

சட்டப்படி என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1988 அக்டோபரில் வந்த அரசாணைப்படி, மருத்துவர் கொடுக்கும் சான்றில் இயலாமை முழுமையானதா பகுதியளவா என்றும், எத்தனை நாளைக்கு என்றும் குறிப்பிட வேண்டும். நடப்புப் பள்ளி ஆண்டைத் தாண்டி அது செல்லாது. தொடர்ச்சியாகவோ கூட்டிப் பார்த்தோ மூன்று மாதத்துக்கு மேல் போனால் பள்ளி மருத்துவரின் கண்காணிப்பு வரும். சான்று இருந்தாலே வகுப்புக்கு வர வேண்டாம் என்று அர்த்தமில்லை. பல இடங்களில் பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். மருத்துவக் காரணம் இல்லாமல் மருத்துவரைச் சான்று கேட்டு வற்புறுத்துவது அவருக்கும் தர்மசங்கடம், உங்களுக்கும் நல்லதல்ல.

ஆனால் அந்த ஆணையில் நிறையப் பெற்றோர் கவனிக்காத நல்ல வழி ஒன்று இருக்கிறது, பகுதியளவு இயலாமை. எந்த அசைவு கூடாது, எவ்வளவு கடுமையான உழைப்பு கூடாது, எந்தச் சூழல் ஆகாது என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கலாம். மீதியை ஆசிரியர் அதற்கேற்ப மாற்றி நடத்தி, அதற்கேற்பவே மதிப்பிடுவார். மூத்தவளுக்கே இது போதுமானதாக இருந்திருக்கக்கூடும். ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இருக்கும் பிள்ளை உடற்பயிற்சி செய்யலாம், செய்வது நல்லதும்கூட. லிசேயில் இருக்கும் அவளுக்காகவும் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

இளையவளுக்கு விலக்கு வாங்கினால் திங்கள் இரவு வயிற்றுவலி நின்றுவிடும், அது உண்மை. பயந்த இடத்திலிருந்து தப்பித்தால் உடனே நிம்மதி வரும், அந்த நிம்மதியே அடுத்த முறை பயத்தைக் கூட்டும். அதோடு ‘உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மைதானம் ஒத்துவராது’ என்ற வாக்கியத்துக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வயிற்றுவலிக்கு ஆட்டம்தான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன் மகளிடம் உட்கார்ந்து பேசுங்கள். உடை மாற்றும் அறையில் யாராவது கேலி செய்கிறார்களா? மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கிறாளா? யாரும் அவளைக் குழுவில் சேர்த்துக்கொள்ளாமல் கடைசியில் நிற்கிறாளா? இந்த வயதுப் பெண்களிடம் நான் கேட்கும்போது உடற்கல்வி மேல் வெறுப்பு என்று சொன்னது, கிளறிப் பார்த்தால் உடை மாற்றும் அறையில் போய் முடிவது அடிக்கடி நடக்கும். காரில் போகும்போது கேளுங்கள், நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள்.

ஆசிரியரிடம் என்ன கேட்பது

அவர் மனதில் இருக்கும் எண்ணத்தை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். ‘நீங்கள் பாரபட்சம் பார்க்கிறீர்கள்’ என்று ஆரம்பித்தால் ‘இல்லவே இல்லை’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். செயல்களைக் கேளுங்கள். பள்ளியின் இணையத் தொடர்புச் செயலியான ப்ரோனோட்டில் ஒரு சிறு செய்தி அனுப்பிச் சந்திக்க நேரம் கேளுங்கள். இப்படி எழுதலாம்: “வணக்கம். என் மகள் உடற்கல்வியில் முன்னேற விரும்புகிறாள். அவள் எதில் பின்தங்கியிருக்கிறாள், மூன்றாம் பருவத்தில் எதில் கவனம் செலுத்தலாம் என்று தெரிந்துகொள்ள உங்களைப் பத்து நிமிடம் சந்திக்கலாமா?” சந்திப்புக்கு மகளையும் அழைத்துப் போங்கள். முதல் கேள்வியை அவளே கேட்கட்டும்.

அங்கே மூன்று விஷயங்கள் பேசினால் போதும். ஸ்கோர், நேரம் பார்க்கும் வேலை எல்லாருக்கும் சுழற்சியாக வருமா என்று கேளுங்கள். ‘திறன் குறைவு’ என்பதற்குப் பதில், எந்த அசைவில் என்ன சரியில்லை என்று ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லச் சொல்லுங்கள். எறிவதா, பிடிப்பதா, இடம் மாறி நிற்பதா? அதை வீட்டில் பழகிப் பார்க்கலாம். கடைசியாக, அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள். உங்கள் மகள் ஏழு வருடமாகப் பரதம் ஆடுகிறாள்.

இதை நீங்கள் இதுவரை பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. ‘அது நம் கோயில் சமாச்சாரம், இவர்களுக்கு எதற்கு’ என்று நினைத்திருப்பீர்கள். பிரெஞ்சு உடற்கல்விப் பாடத்திட்டத்தில் நடனம் முறையான பாடம். பிறர் முன் கலையாகவோ அக்ரோபாட்டிக் சாகசமாகவோ நிகழ்த்துவது என்று தனிப் பிரிவே இருக்கிறது, ஜிம்னாஸ்டிக்ஸ், சர்க்கஸ் கலைகளோடு சேர்த்து. அரைமண்டியில் அத்தனை நேரம் உட்கார்ந்து ஆடும் பெண்ணின் தொடை வலுவும் சமநிலையும் தாளக் கட்டுப்பாடும் எந்த ஆசிரியருக்கும் எடுத்துச் சொல்லத் தகுந்தவை. கணிப்பு பெரும்பாலும் கையில் இருக்கும் தகவலைப் பொறுத்தது, அந்தத் தகவலைக் கூட்டிக் கொடுங்கள்.

புதன்கிழமை மதியம் கொலேஜின் விளையாட்டுச் சங்கத்தில் சேர்த்துப் பாருங்கள். எல்லாக் கொலேஜிலும் அது உண்டு, நடத்துவது உடற்கல்வி ஆசிரியர்களேதான். திறமை பார்த்துச் சேர்ப்பதில்லை. நடனமோ பேட்மின்டனோ அவளே தேர்ந்தெடுக்கட்டும். மதிப்பெண் இல்லாத இடத்தில் அதே ஆசிரியர் இவளை வேறு கண்ணால் பார்க்க வாய்ப்பு உண்டு.

ஆகஸ்டில் பள்ளி திறந்து ஆசிரியர் மாறினால், முதல் வாரங்களை விட்டுவிடாதீர்கள். 1984-இல் ஸ்டீபன் ராடன்புஷ் பல பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆசிரியருக்குப் பிள்ளையை இரண்டு வாரத்துக்கு மேல் பழக்கமாகிவிட்டாலே வெளியிலிருந்து வரும் தகவல் அவரை அசைப்பது நின்றுவிடுகிறது என்று தெரிந்தது. புது ஆசிரியருக்கு அக்காவின் கதை தெரிய வேண்டியதில்லை. நடனத்தின் கதை தெரியலாம்.

புகார் எழுதலாமா?

இப்போதைக்கு வேண்டாம், ஆனால் வழியை மூடிவிடவும் வேண்டாம். மதிப்பெண் என்பது ஆசிரியரின் கற்பித்தல் தீர்ப்பு. ‘7 தப்பு, 12 போடு’ என்று ரெக்டோராவில் யாரும் உத்தரவிட மாட்டார்கள். ஆசிரியரிடம் பேசிப் பலனில்லை என்றால் வகுப்புப் பொறுப்பாசிரியர். அடுத்து வகுப்புக் குழுவில் உட்காரும் பெற்றோர் பிரதிநிதி. அதற்கும் மேலே கொலேஜ் முதல்வருக்கு எழுத்தில். அதன் பிறகும் தீரவில்லை என்றால் அகாதெமியின் (கல்வி வட்டாரம்) மத்தியஸ்தர் இருக்கிறார், ஆனால் பள்ளியிடம் கேட்டுப் பார்த்த பிறகுதான் அவர் எடுத்துக்கொள்வார். நேரே மேலே போனால் கடிதம் சுற்றிக் கீழேயே திரும்பி வரும், நடுவில் ஆசிரியர் முறைத்துக்கொண்டிருப்பார்.

பூர்வீகம் பற்றிய சந்தேகத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, குறைத்து மதிப்பிடப்படும் பிரிவுப் பிள்ளைகளிடம் பாதிப்பு பெரிதாக இருக்கக்கூடும் என்று மேலே பார்த்தோம். அவர் சொன்னது ‘உங்கள் வீட்டுப் பிள்ளைகள்’. அது அக்காவை வைத்துச் சொன்னதாகவே எனக்குப் படுகிறது. ‘இந்தியப் பிள்ளைகள்’, ‘மல்பார்கள் (இந்தத் தீவில் தமிழ் வம்சாவளியினரைக் குறிக்கும் சொல்) இப்படித்தான்’ என்ற மாதிரி எப்போதாவது சொல்லியிருந்தால், அல்லது உடல்வாகைக் கேலி செய்திருந்தால் கதையே வேறு. பூர்வீகம், தோற்றம் இரண்டின் பேரிலும் வேறுபடுத்தி நடத்துவதைப் பிரெஞ்சுச் சட்டம் தடை செய்கிறது. அப்படி நடந்தால் தேதி, சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் என்று அன்றன்றே குறித்து வையுங்கள். முதல்வருக்கு எழுதுங்கள். உரிமைப் பாதுகாவலர் அலுவலகத்துக்கு இந்தத் தீவிலும் பிரதிநிதிகள் உண்டு, பணம் எதுவும் கட்ட வேண்டாம். இதில் பொறுமை காக்கச் சொல்ல மாட்டேன்.

உங்கள் கணவருக்கு

‘யார் பார்க்கப்போகிறார்கள்’ என்றால், லிசே முடிவில் எழுதும் பக் தேர்வு பார்க்கும். பொது லிசே வழியில் உடற்கல்விக்கு மடங்கு எண் 6, வரலாறு புவியியலுக்கு உள்ள அதே எடை. கடைசி ஆண்டில் மூன்று விளையாட்டுகளில் மதிப்பிடுவார்கள். மார்க்கை விடுங்கள். நீரிழிவு அதிகமுள்ள பிரெஞ்சுப் பகுதிகளில் ரீயூனியன் முன்வரிசையில் நிற்கிறது. உங்கள் குடும்பத்திலேயே மாத்திரை போடாதவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். 13 வயதில் ‘என் உடம்பு இதுக்கெல்லாம் ஆகாது’ என்று ஒரு பெண் முடிவு செய்துவிட்டால், முப்பதில் நடைப்பயிற்சிக்குக் கிளப்புவதே பெரும்பாடு.

மருத்துவரிடம் வாங்கிய நேரத்தை மட்டும் ரத்து செய்யாதீர்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு நிற்காத இருமல், அக்காவுக்கு ஆஸ்துமா, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இவளுக்கும் உடற்பயிற்சியால் தூண்டப்படும் மூச்சுக்குழல் சுருக்கம் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நடனத்தில் வராமல் ஓட்டத்தில் மட்டும் வருவதும் நடக்கக்கூடியதுதான், விடாமல் ஓடுவது அதைத் தூண்டும் உழைப்புகளில் முதன்மையானது. இருந்தால், நல்ல வார்ம்-அப்பும் ஓடுவதற்கு முன் எடுக்கும் இன்ஹேலரும் பெரும்பாலோருக்குப் போதும். பள்ளியில் இன்ஹேலரை வைத்திருக்கவும் எடுக்கவும் தனிநபர் ஏற்பாட்டுத் திட்டம் ஒன்றைப் பள்ளி மருத்துவரோடு எழுதிக்கொள்ளலாம், பே-ஆ-ஈ என்று கேட்டால் செயலகத்தில் தெரியும். ஈடுபாடு இல்லை என்று ஆசிரியர் எண்ணியதில் ஒரு பங்கு மூச்சுத் திணறலாகவும் இருக்கலாம். இருமல் ஓட்டம் நின்று எத்தனை நிமிடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, மூச்சில் விசில் சத்தம் வருகிறதா என்று மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் வரும் செவ்வாய்க்கிழமைகளில் அவளையே குறித்து வைக்கச் சொல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.